வந்த வண்டியைக் கேள்

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் என் வீட்டில் இட்லிப் பானையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த வெள்ளிச் சொம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தேன். நாலு நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா வாஷிங் மிஷினில்கூடப் பிடித்து வைத்துவிட்டார். மறுநாள் காலையில் குழாய் திறந்தது பார், என் வாழ்நாளில் அந்த வேகத்தில் தண்ணீர் வந்ததில்லை. செய்தி வேறு ஏதோ ஊருக்காம், அதுவும் பழையதாம்.

இன்று விருந்தாளிக்காகப் பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கினால் அதற்குள்ளும் தண்ணீர். பரணுக்குத் தூக்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு முன்ஜாக்கிரதை! தலையோடு நனைந்து நின்றபோது உன் குரல்தான் கேட்டது: "நீ பாத்தியா, கேட்டியா?"

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உன் டைம் கீப்பர் அறையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிறார். அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்கவில்லை.

அந்த மழை நாள் ஞாபகம் இருக்கிறதா? கடலூர் சாலையில் பாலம் உடைந்துவிட்டதாக எல்லார் போனிலும் ஒரு படம். நானே அதைப் பதினைந்து குரூப்புக்கு அனுப்பிவிட்டு, சமூக சேவை செய்த களைப்பில் உன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மீன் கூடையோடு ஓர் அம்மா ஜன்னலுக்கு வந்தார்.

"சாரு, கடலூரு வண்டி போவுமா, போவாதா?"

"தெரியலம்மா. அங்கேருந்து ஒரு வண்டி வரட்டும்."

"ஊரே சொல்லுது பாலம் போயிடுச்சின்னு. நீ மட்டும் தெரியலங்கிற. ஒனக்கு எதுக்குய்யா சம்பளம்?"

"தெரியலன்னு சொல்றதுக்குத்தாம்மா."

நான் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். அரை மணி நேரம் கூட்டம் உன்னைத் திட்டித் தீர்த்தது. நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடலூர் வண்டி சேறும் சகதியுமாக உள்ளே திரும்பியதும் குடைகூட இல்லாமல் ஓடினாய். "பாலம் எப்படியிருக்கு? நீ பாத்தியா, கேட்டியா?"

"அது மேலதான் சார் வந்தேன். பாலம் இல்லன்னா பஸ்ஸ நீச்சல் அடிக்கவா உட்டேன்?"

அதற்குப் பிறகுதான் மைக்கைக் கையில் எடுத்தாய். அன்று என்னிடம் சொன்னாய்: "போற வண்டிக்காரன் நெனைக்கிறதச் சொல்லுவான் மச்சான். வந்த வண்டிக்காரன் பாத்ததச் சொல்லுவான். வந்த வண்டியக் கேளு." கூடவே, "நீ அனுப்புற எதையும் நான் தொறக்கிறதே இல்ல" என்றும் சொன்னாய். என் வாட்ஸ்அப்பில் ஒருநாளும் நீ படித்ததற்கான நீலக் குறி விழுந்ததில்லை. பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அதைவிட அவமானம் ஏது?

பிறகு என் மனைவியின் கண். வலது கண்ணில் ஓரமாகக் கறுப்புத் திரை இறங்குகிறது என்றாள். விழித்திரை பிரிகிறது, இரண்டு மூன்று நாளுக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும், பெரிய இடமாகப் பாருங்கள் என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் என் போனில் நாற்பது யோசனை. ஒருவர் சென்னை என்றார், ஒருவர் மதுரை என்றார். என் சித்தப்பா, ஆபரேஷனே வேண்டாம், இந்தச் சொட்டு மருந்து போதும் என்று ஒரு வீடியோ அனுப்பினார். சொல்ல வெட்கம், அந்த வீடியோவை நான் மூன்று முறை பார்த்தேன். அவள் அழவில்லை. "எனக்கு நாப்பது டாக்டரு வேணாங்க. ஒரு டாக்டரு போதும்" என்றாள்.

நீ வந்து என் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டுவிட்டுப் போனாய். மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் வண்டியில் கடலூர் போனாய். ஒரு கண் டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் மத்தியானம் வரை நின்றாய். அங்கிருந்து அவள் போனுக்குக் கூப்பிட்டாய்.

"உள்ள போறவங்கள நான் கேக்கல மச்சான். ஆபரேஷன் முடிஞ்சி செக்கப்புக்கு வந்தவங்க பதினோரு பேரக் கேட்டேன். ஒம்போது பேரு நல்லாருக்குன்னாங்க. ஒருத்தருக்கு சரியாவல. ஒருத்தரு லேட்டா வந்துட்டாராம். நீ லேட் பண்ணாத, தங்கச்சிய அழைச்சிக்கிட்டு வா."

சரியாகாத அந்த ஒருத்தரையும் சேர்த்துச் சொன்னாய் பார், அதனால்தான் நம்பினேன். நாற்பது யோசனையில் ஒன்றில்கூட அப்படி ஓர் ஆள் இல்லை.

இன்று அந்தக் கண்ணால்தான் அவள் என் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "சிரிப்பே வரலியே" என்கிறாள். என்ன பார்வை!

தண்ணீர் விவகாரத்துக்குப் பிறகு தெருவில் என் மரியாதை எப்படியிருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். முந்தாநாள் எதிர்வீட்டு அம்மா வேண்டுமென்றே கேட்டார்: "ஏண்ணே, கடலூரு ரோட்ட அடைச்சிட்டாங்களாமே, உங்க போன்ல ஏதும் வந்துச்சா?" "தெரியாதும்மா" என்றேன். வாய்க்குள் அந்தச் சொல் எவ்வளவு புதிதாக இருந்தது! பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், வந்த வண்டியின் டிரைவரைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். ரோடு திறந்துதான் இருந்தது. "இதுக்கா இந்த வெயில்ல போனீங்க?" என்றார் எதிர்வீட்டு அம்மா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உன் பேரைச் சொல்லி, அவனுடைய சிநேகிதன் நான் என்றேன். என்னிடம் இருக்கிற ஒரே பட்டம் அது.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று நேற்று உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். தங்கச்சி சிரித்துவிட்டது.

"அவுரா தொறக்க மாட்டாரு? நீங்க அனுப்புன ஒண்ணு விடாமப் படிப்பாருண்ணே. தெரியக் கூடாதுன்னு அந்த நீலக் குறிய நிறுத்தி வச்சிருந்தாரு. அந்தக் கண் டாக்டரு பேரு அவுருக்கு எப்படித் தெரியும்னு நெனைச்சீங்க?"

உன் போனைத் திறந்து காட்டியது. ஒரு காலை வணக்க ரோஜாவுக்கும் பூண்டின் பத்துப் பயன்களுக்கும் நடுவே, என் மனைவியின் கண்ணில் திரை இறங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் வந்த செய்தி: அதே கடலூர் ஆஸ்பத்திரி, டாக்டர் பெயரோடு. அனுப்பியவன் நான்தான்.

அனுப்பினேனே தவிர, நான் அதைப் படிக்கவில்லை.