நான் சொன்ன வேட்பாளர்

அப்பா,

இன்று வகுப்பில் ஆசிரியை ஆளுக்கொரு துண்டுத்தாள் தந்தார். போட்டோகொப்பியின் சூடு அதில் ஆறியிருக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு அமெரிக்காவின் ஆளுங்கட்சி யாரைச் சனாதிபதி வேட்பாளராக நிறுத்தும் என்று ஊகித்து எழுத வேண்டுமாம். சரியாகச் சொன்னால் ஒரு சொக்கலேற். எல்லோரும் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். நான் வெறுந்தாளைக் கொடுத்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்களும் இதையே கேட்டீர்கள், இலங்கையைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த உங்கள் தங்கையை, என் மாமியை, பார்க்கக் கடல் கடந்து போக நினைத்தீர்கள். அம்மா விடவில்லை. "ஆளுங்கட்சி ஆரை நிறுத்துது எண்டு பார்த்து, பேந்து போங்கோ. சண்டை வேணுமெண்டிறவர் வந்தால் பாதையளைப் பூட்டிப்போடுவாங்கள்."

அன்று அம்மா வேலையால் வந்திருக்கவில்லை. சந்தையில் மரக்கறிப் பெட்டி அடுக்கிய கையோடு என் மேசையருகே வந்து இருந்தீர்கள்.

"பிள்ளை, ஆரை நிறுத்துவாங்கள்?"

நூலகத்தில் பார்த்த செய்திப் படங்களைக் குறித்த கொப்பியைக் காட்டினேன். பேச்சுவார்த்தை வேண்டும் என்பவர்தான் ஒன்பது படங்களில் கட்சித் தலைவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"கலியாணவீட்டுப் படத்திலை பக்கத்திலை நிக்கிறவன் எல்லாம் மாப்பிள்ளையோ?"

"இல்லையப்பா, இவர்தான். நிச்சயம்."

கொப்பியை நெடுநேரம் பார்த்தீர்கள். "ஓம், நீ வாசிக்கிற பிள்ளை. உனக்குத் தெரியும்." மறுநாளே பயணச்சீட்டு எடுத்தீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்தபின் கட்சி, சண்டை வேண்டும் என்ற மற்றவரை அறிவித்தது. தொலைபேசியில் சிரித்தீர்கள். "உன்ரை மாப்பிள்ளை ஓடிட்டார் பிள்ளை! பறவாயில்லை, மாமியின்ரை அலுவலை முடிச்சிட்டு வாறன்." நான் கோபத்தில் சரியாகக் கதைக்கவில்லை. படங்களைத் திரும்பவும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தேர்தலில் அவரே வென்றார். மார்கழியில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. அவற்றில் ஒன்று நீங்கள் சைக்கிளில் போன தெருவில் வெடித்தது. மாமிதான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அம்மாவின் கையிலிருந்து தொலைபேசியை நான் வாங்கினேன். மறுமுனையில் அழுகை மட்டுமே கேட்டது.

இப்போது நாங்கள் ரொக்ஸ்பரோ என்ற ஊரில் இருக்கிறோம். அம்மா சோறு போடும்போது சில நாட்களில் அகப்பையோடு நின்றுவிடுவார். "எவ்வளவு சொன்னனான். ஒருத்தற்றை சொல்லும் கேளாத மனுசன்" என்பார். அந்தக் கோபத்தில்தான் அவர் எழும்பி நடமாடுகிறார் என்று நினைக்கிறேன்.

நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன். நீங்கள் ஒருவருடைய சொல்லைக் கேட்டீர்கள், அப்பா. அது யாருடையது என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.