மரவள்ளிக்கிழங்குப் பிள்ளை

வெள்ளிக்கிழமை, 1943
பிரிக்பீல்ட்ஸ்

ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து எங்கள் நாய் கறுப்பனுக்குப் பூனை தும்மினாலும் பயம். நான் தங்கியிருப்பது அக்கா மகள் பார்வதி வீட்டில்; அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். பிள்ளை அழுதால் நாய் கடிக்குமாம், மேரு கிராமத்துக்குக் கிழங்கு ஏற்றப் போகும் லோரியில் அதை அனுப்பிவிடுவானாம். அவள் புருஷன் சுந்தரத்துக்குத் தினமும் இதே பாட்டு. ரயில்வே ஆபீசில் பேப்பர் புரட்டுகிறவனுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? கிள்ளானில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாற்பது நாய்களைப் பழக்கியவன் நான்.

இன்று அவன் வேலைக்குப் போனதும் புடவையில் தொட்டில் கட்டினேன். ஒரு மரவள்ளிக்கிழங்கைத் துணியில் சுற்றி அதில் படுக்கவைத்து, ஆட்டிக்கொண்டே பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன். பிள்ளை பிறந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கஞ்சியோடு ஓடி வந்துவிட்டாள், அவ்வளவு தத்ரூபம். மத்தியானத்துக்குள் கறுப்பன் பயம் தெளிந்து, தொட்டிலடியில் காவல் படுத்தான்.

சாயங்காலம் சுந்தரம் வந்தான்.

"பொறக்கிறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டுவாங்களா மாமா? வெறுந்தொட்டில ஆட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

"வெறுந்தொட்டில் இல்ல மாப்பிள்ளை. உள்ள கிழங்கு இருக்கு."

அவன் அவிழ்க்கப் போனான். கறுப்பன் அவன் கையைக் கவ்விவிட்டான். நான் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படி.

"நாளைக்குக் காலையில நாய் லோரியில போகுது."

"நாய் போனா நானும் போறேன்."

"போங்க. லோரியில இடம் இருக்குலா."

என் பெட்டியை அவனே தூக்கி வாசலில் வைத்தான். பார்வதி தொட்டிலை அவிழ்த்துக் கிழங்கை அவித்தாள். எனக்கு வந்தது நுனித் துண்டு.

கறுப்பன் இப்போது என் பெட்டிக்குக் காவல் படுத்திருக்கிறான்.