ஒரு குரோசானும் ஒரு கதிரையும்

மே 6, செவ்வாய். மல்வேர்ன், ஸ்காபரோ.

மழை. பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தி. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஹோல் முழுக்கப் பைகள். எண்ணிப் பார்த்தேன், ஏழு.

இவர் செய்த வேலை. ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்: "சனிக்கிழமை நானும் மனிசியும் பாரிஸில நிப்பம்." கூடவே ஒரு விமானப் படம்.

"ஏனப்பா போட்டனீங்கள்?"

"ஒரு சந்தோசத்தில போட்டனான். அதுக்கேன் பாயிறீர்?"

பாயாமல்? கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் முதல் ஹொலிடே. இடையில் இரண்டு தரம் ஊருக்குப் போனது செத்தவீட்டுக்கு. அது கணக்கில்லை.

பாரிஸில் இருக்கும் சொந்தங்களிடம் கொடுக்கச் சொல்லித் தந்த பைகள்:

தர்மலிங்கம் அண்ணை – பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பம். அம்மிக்கல் பாரம்.

முன்வீட்டுத் தேவி அன்ரி – மிளகாய்த்தூள், நாலு கிலோ. பாரிஸில் இல்லாத தூளா? அங்கத்தைத் தூள் உறைக்காதாம்.

தைத்த பிளவுஸ் ஆறு. மேப்பிள் சிரப் மூன்று போத்தல். விற்றமின் குளிசை. குழந்தைச் சப்பாத்து.

ஏழாவது – என்னவென்றே தெரியாது. சுற்றிச் சுற்றிச் செலோரேப் ஒட்டியிருக்கிறது. "திறக்காதையுங்கோ, என்ர தங்கச்சிக்குத் தெரியும்" என்றாராம் தந்த ஆள். எயார்போட்டில் பிடித்தால் தங்கச்சியையா கூப்பிடுவது?

மகளுக்குப் போன் அடித்துச் சொன்னேன். "அம்மா, ஜஸ்ட் சே நோ" என்றாள். அவளுக்கென்ன, இங்கே பிறந்தவள்.

மே 8, வியாழன்.

கடைசி ஷிப்ட். இனி ஒரு கிழமை லீவு.

இருபத்திரண்டு வருடமாகக் குரோசான் அடுக்குகிறேன், பிரெஞ்சுக்காரரின் பிறை வடிவப் பட்டர் பணிஸ். ஸ்காபரோவில் பேக்கரிப் பக்டரியின் குளிர்ந்த மண்டபத்தில், தலையில் வலை, கையில் உறை, நின்ற நிலை. வளைவு பிழைத்தது, ஓரம் கருகியது எல்லாம் நீலத் தொட்டிக்குள். மிச்சம் பெட்டிக்குள். பிறகு பிரீசருக்குள். பெட்டியில் ஒரு பாரிஸ் கோபுரப் படம் வேறு.

பக்கத்தில் நிற்கும் மரியா கேட்டாள், போய் முதலில் என்ன செய்வாய் என்று. இருப்பேன் என்றேன். சிரித்தாள். பகிடி இல்லை. இருக்க ஒரு கதிரை, ஒரு மேசை, அப்போது சுட்ட குரோசான் ஒன்று, ஒரு கோப்பி. ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. கோபுரம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த இடி. மகள் பாரிஸ் ஆற்றங்கரையில் பிடித்துத் தந்த ஹோட்டலை இவர் கான்சல் பண்ணிவிட்டார். பாரிஸில் இருக்கும் இவரின் தங்கச்சி சாந்தி போனில் அழுதாளாம். "அண்ணன் வந்து ஹோட்டலில நிண்டால் நான் ஆக்களுக்கு என்ன முகத்தோட கதைக்கிறது?"

என்னுடைய முகத்தைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

மே 10, சனி. பாரிஸ்.

நல்ல வெயில். ஆனால் பாரிஸ் என்று எழுதுவது பொய். சாந்தியின் பிளாற்றுக்கு நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஜன்னலால் பார்த்தால் கார் பார்க்கிங், இன்னொரு கட்டிடம். மல்வேர்னேதான்.

வந்து இறங்கியவுடன் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். நல்ல ருசி, பொய் சொல்லக் கூடாது. "இன்னும் கொஞ்சம் போடுங்கோ மச்சாள், வடிவாச் சாப்பிடுங்கோ." நான் போடமுதல் அவளே போட்டாள்.

மே 11, ஞாயிறு.

பார்சல் ஊர்வலம். மூன்று வீடு.

முதல் வீட்டில் அல்பம். கொடுத்துவிட்டு வரலாமென்றால் விடவில்லை, இருந்து பார்க்கவேண்டுமாம். பிள்ளை ஏழு சாறியில் ஏழு விதமாக நிற்கிறது. நான் அந்தக் கொண்டாட்டத்துக்கே நேரில் போனவள்! இடியப்பம்.

இரண்டாம் வீட்டில் மிளகாய்த்தூளை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, "இது இஞ்சத்தைத் தூள் மாதிரித்தான் கிடக்கு" என்றார்கள். நாலு கிலோ! அட்லாண்டிக்கைத் தாண்டி! ரோல்ஸ், தேத்தண்ணி.

மூன்றாம் வீடு எங்கள் பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் போகவேண்டுமாம். "பக்கத்து வீட்டை மட்டும் வந்து எங்களை எட்டிப் பாக்கேல்லை எண்டு கதை வரும்" என்றார் இவர். அங்கே திரும்பவும் இடியப்பம்.

இதுவரை பாரிஸில் பார்த்தவை: லிப்ட் மூன்று (ஒன்று வேலை செய்யாது), தோல் சோபா ஐந்து. திரும்பி வரும்போது ரயிலில் இவர் "அந்தா, அந்தா கோபுரம்!" என்று கத்தினார். நான் திரும்பச் சுரங்கம்.

மே 12, திங்கள்.

லா சப்பல். எங்கள் ஆட்களின் கடைத்தெரு. சாறிக்கடை, நகைக்கடை, மரக்கறி. மிச்சப் பார்சல் நாலையும் ஆட்கள் அங்கேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இதற்கு நான் பிளேன் ஏறியிருக்கத் தேவையில்லை.

மூலையில் ஒரு பேக்கரி. வாசலில் வந்த வாசத்தில் கால் நின்றுவிட்டது. உள்ளே தட்டு நிறைய. சாந்தி கையைப் பிடித்து இழுத்தாள். "வீட்டில சோறு கிடக்கு மச்சாள். உதைப் போய்க் கடையில தின்னுறதோ?"

"எனக்கு அதுதான் வேணும் சாந்தி."

இவ்வளவு சத்தமாகச் சொல்லுவேனென்று எனக்கே தெரியாது. இவர் என்னைப் பார்த்தார். சாந்தியின் முகம் சுண்டிப்போய்விட்டது.

பின்னேரம் அவள் எங்கேயோ போய் வந்தாள். மேசையில் ஒரு பொலித்தீன் பாக்கெட். குரோசான், பத்து. மெஷின் ஒட்டிய பாக்கெட். வளைவெல்லாம் ஒரே அளவு. எனக்குத் தெரியாதா? மைக்ரோவேவில் சூடாக்கி, "உங்களுக்கெண்டு வாங்கினனான்" என்று முன்னால் வைத்தாள்.

இரண்டு சாப்பிட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன். ஆரில் கோபமென்று தெரியாத கோபம்.

மே 13, செவ்வாய்.

நாளைக்குப் பிளேன். இன்னும் மிஞ்சியது ஏழாவது பார்சல்.

"நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ. நான் வரேல்லை."

"அவை என்ன நினைப்பினம்?"

"செத்துப்போனன் எண்டு சொல்லுங்கோ."

எட்டு மணிக்கு வெளிக்கிட்டேன். தனியாக. ஆற்றடியில் இறங்கி, முதல் கண்ட கடையில் விரலைக் காட்டிக் குரோசான் ஒன்று, கோப்பி ஒன்று. வெளியில் கதிரை. இருந்தேன்.

ஓரம் கருகல். வளைவு கோணல். எங்கள் லைனில் என்றால் நேரே நீலத் தொட்டி. கடித்தேன். அந்தக் கருகல்தான் ருசி. இருபத்திரண்டு வருடமாக எதையெல்லாம் எறிந்திருக்கிறேன்!

ஆறு ஓடுகிறது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் இருக்கும்.

பிறகு போன். சாந்தி. நான் வரும் வழியிலேயே ஒன்பது தரம் அடித்திருக்கிறாள். நிற்கும் இடத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு மணித்தியாலத்தில் ஆள் வந்துவிட்டாள், கையில் பை, பைக்குள் புட்டு.

"என்ன மச்சாள் இது? ஆரும் கண்டால்? வந்த மனிசியைப் பட்டினி போட்டிட்டாள் எண்டெல்லே சொல்லுவினம்!"

"சாந்தி, முதல் இரும்."

இருக்கவில்லை. மற்றக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள்.

"இதில நாங்கள் இருக்கலாமோ?"

"நான் இருக்கிறன்தானே."

"உந்தப் பின் தெருவிலதான் ஒபிஸ் துடைக்கிறனான். இருபத்தாறு வருஷம். விடிய அஞ்சு மணிக்கு உதால போகேக்க கதிரையெல்லாம் மேசைக்கு மேல கவிட்டுக் கிடக்கும். நிமித்தி வைச்சு நான் கண்டதே இல்லை."

நாலு நாளாக அவளைத் திட்டித் திட்டி எழுதிய பக்கங்கள் இவை.

கதிரையின் விளிம்பில் இருந்தாள், பையை மடியில் வைத்தபடி. அவளுக்கும் ஒன்று எடுத்தேன். பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். பாதியில் பையைக் கீழே வைத்தாள்.

"ஓரம் கருகிப்போச்சு" என்றாள். "நல்லாக் கிடக்கு."

பின்னேரம் இவர் வந்தார். ஏழாவது பார்சலில் மோர்மிளகாயாம்.

மே 20, செவ்வாய். மல்வேர்ன்.

திரும்பவும் மழை. தர்மலிங்கம் அண்ணை வழியில் மறித்து, அல்பம் கடைசிப் பக்கம் வரை பார்த்தார்களா என்று கேட்டார். தேவி அன்ரி, "பாரிஸ் என்னமாதிரி?" என்றார். இருந்தனான் என்றேன். விளங்கவில்லை. இவர் அக்டோபரில் லண்டன் என்று குரூப்பில் போடப் பார்த்தார். போனைப் பறித்துச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னும் தேடுகிறார்.

சாந்தியின் குரல் மெசேஜ், பஸ்சில் கேட்டது:

"மச்சாள், இண்டைக்கு வேலை முடிஞ்சு நேர வீட்டை வரேல்லை. தனியப் போனனான். உங்கட கதிரையில ஒரு வெள்ளைக்காரி இருந்தவ. அவ எழும்பும் மட்டும் நிண்டு, அதிலதான் இருந்தனான்."