மூச்சை விட்டபின் எடுக்கும் அளவு

மார்ச் 1

அன்புள்ள தையல்காரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது நான்கு:

1. இன்றைய என் எடை.
2. திருமண நாளுக்குள் அது எவ்வளவாகும் என்பது.
3. அதற்கான வழி.
4. அதுவரை நாம் இருவரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு சிறு ஏற்பாடு.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்து அறிக்கை எழுதிய கை. காதல் கடிதம் என்று உட்கார்ந்தாலும் எண் போட்டுத்தான் தொடங்குகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு 'ஆமாம்', 'இல்லை' தவிர வேறு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

'சரி' என்ற ஒற்றைச் சொல்லுடன் நீங்கள் அனுப்பிய பதில் என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டையை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன். அறுபத்தேழு வயதில் முதன்முறையாக மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று நூலகத்தில் பக்கத்தில் இருந்தவர் நேரம் கேட்டார். "பத்தேகால். எனக்கு ஜூன் இருபத்தொன்றில் கல்யாணம்" என்றேன். அவர் வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

முதலாவது. இன்று காலை என் எடை தொண்ணூற்றொரு கிலோ. வீட்டுத் தராசின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பணி ஓய்வின்போது அலுவலகத்தார் நினைவாகக் கொடுத்த ஐந்து கிலோ பித்தளை எடைக்கல்லை வைத்துச் சோதித்தேன். தராசு சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தராசு சரியாக இருந்ததற்காக வருத்தப்பட்டேன்.

இரண்டாவது. இன்றிலிருந்து சரியாகப் பதினாறு வாரம். வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் பதினாறு கிலோ குறைத்தால் எழுபத்தைந்து. கணக்கு வகுபட்டுவிட்டது. எனவே நீங்கள் தைக்கப்போகும் கல்யாணக் கோட்டுக்கு இடுப்பளவு முப்பத்தாறு அங்குலம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது. காலையில் ஒன்றும் உண்பதில்லை. மதியம் வேகவைத்த காய். மாலையில் பூங்காவை எட்டுச் சுற்று. இரவில் ஒரு ஆப்பிள், அதுவும் பாதி.

நான்காவது. இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஜூன் இருபத்தொன்று வரை நாம் சந்திக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் உங்கள் தங்கையின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அவர் தையல் கடையைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பது, ஒரு வகையில், இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. பேருந்தில் ஐந்து மணி நேரம். நீங்கள் வரவும் வேண்டாம், நான் வரவும் வேண்டாம். பதிவு அலுவலக வாசலில் புது மனிதனாக உங்கள் எதிரில் வந்து நிற்க ஆசை. இது சரியா என்று தெரியவில்லை. ஆனால் உறுதியாக இருக்கிறேன்.

உங்கள்
ஆய்வாளர்


மார்ச் 7

மாட்சிமை பொருந்திய ஆய்வாளர் ஐயாவுக்கு,

எனக்கு உங்களை மாதிரி எழுத்து நடை வராது. பேசற மாதிரியே எழுதறேன், படிச்சுக்கோங்க.

முப்பத்தாறா! இந்த ஊரே கேக்கற மாதிரி சிரிச்சேன். கண்ணுல கட்டோட தங்கை உள்ளேருந்து "யாருக்கா ஜோக் சொன்னாங்க?"ன்னு கேட்டா. "உன் அத்தான்"னேன்.

ஐயா, அந்தப் பழுப்புக் கால்சட்டையை நான் மூணு தடவை தளர்த்தியிருக்கேன். முப்பத்தெட்டு, நாப்பது, நாப்பத்திரெண்டு. ஒவ்வொரு தடவையும் "துணி சுருங்கிடுச்சு போல"ன்னு சொல்வீங்க. நானும் "ஆமா, இந்தத் துணி அப்படித்தான்"னு சொல்வேன். நம்ம காதலே அப்படித்தானே ஆரம்பிச்சுது?

இன்னொரு ரகசியம் சொல்றேன், கோவிக்கக் கூடாது. இடுப்புல அளவு நாடாவைச் சுத்தினதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்குவீங்க. ஊர்க்காரன் தராசெல்லாம் திருட்டான்னு பாத்த மனுஷர், என் நாடாவுக்கு மட்டும் கள்ளக் கணக்குக் காட்டுவீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற மாதிரி! நான் பேசாம ரெண்டு அங்குலம் கூட்டி எழுதிக்குவேன். அதனாலதான் எப்பவும் சரியா பொருந்துச்சு.

எடை குறையறது நல்லதுதான். மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு வாங்கற மூச்சு எனக்கும் பிடிக்கலை. ஆனா பட்டினி கிடக்காதீங்க. அகலக் கால் வைக்காதீங்க. ஒரு டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்க.

நாலாவது எனக்குப் பிடிக்கலை. உங்களுக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்தொண்ணு. நம்மகிட்ட இருக்கறதே கொஞ்சம் வாரம். அதுல பதினாறைத் தூக்கி ஓரமா வைக்கச் சொல்றீங்க. வைக்கிறேன். ஆனா முகம் சுளிச்சுக்கிட்டுத்தான் வைக்கிறேன்.

கருநீலத் துணி எடுத்திருக்கேன். கையில தொட்டுப் பாத்தா விடவே மனசு வராது.

உங்க
தையல்காரி


மார்ச் 26

அன்புள்ள தையல்காரம்மாவுக்கு,

மூச்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து, வீட்டில் யாரும் இல்லாதபோதும் முகத்தை மூடிக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் என்னை யாரும் இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

இப்போது செய்தி. முதல் வாரம் ஒன்றரை கிலோ குறைந்தது. துள்ளினேன். இரண்டாம் வாரம் அரை. மூன்றாம் வாரம் முள் அசையவே இல்லை. வீட்டுத் தராசின் மேல் மறுபடியும் சந்தேகம். சந்தைத் தெருவில் ஒரு தானியக் கடை. மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே உண்டு. பணியில் இருந்தபோது அந்தக் கடையின் பழைய தராசை நான் பறிமுதல் செய்திருக்கிறேன். கூச்சத்தோடுதான் போனேன்.

"என்ன சார், ரிட்டையர் ஆகியும் சோதனையா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை. நான்தான் ஏறி நிக்கணும்."

"ஏறுங்க, ஏறுங்க! முத்திரை பாத்துக்கோங்க, போன மாசம்தான் குத்தினாங்க. அம்பது கிராம் குறைஞ்சதுக்கு என் தராசைத் தூக்கிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப உங்களைத் தூக்கறதுக்கு நாலு பேர் வேணும் சார்!"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது ஒரு மூட்டையில் சாய்ந்திருந்தேன். கடைக்காரரே சர்க்கரை போட்ட தேநீரை என் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"யாருக்காக சார் இந்தப் பட்டினி?"

"கல்யாணம்."

"பொண்ணுக்கா?"

"எனக்கு."

அவர் தெருவுக்கே கேட்கும்படி, "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! சாருக்குக் கல்யாணமாம்டா!" என்று கத்தினார். மூட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். என் கையெல்லாம் மாவு. இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து மகிழ்ந்து நான் கண்டதே இல்லை. பயந்துவிடாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடைக்காரரே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். இளம் பெண். "வாரத்துக்கு அரை கிலோ, அதுவே உங்க வயசுக்குப் பெரிசு. அதுக்கு மேல ஆசைப்பட்டா மாப்பிள்ளை இங்க வந்து படுக்கணும், பொண்ணு பழம் வாங்கிட்டு வரணும். எது வேணும்?" என்றார். காலை உணவைக் கட்டாயமாக்கிவிட்டார். நடையும் அளவோடு.

ஆகவே திருத்தம்: இன்று எண்பத்தொன்பது. ஜூன் இருபத்தொன்றில் எண்பத்து மூன்று. எழுபத்தைந்து என்பது வகுத்தல் எனக்குச் சுலபமாக வந்ததால் எழுதிய எண். உடம்பைக் கேட்டு எழுதியதல்ல.

முப்பத்தாறும் நடக்காது என்று தெரிகிறது. இருந்தாலும் இப்போதைக்கு அதை அழிக்க வேண்டாம். நான்காவது குறிப்பிலும் மாற்றமில்லை. நீங்கள் அடுத்த வாரம் வரலாமா என்று தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்னும் நான் அந்தப் புது மனிதன் ஆகவில்லை.

உங்கள்
ஆய்வாளர்


ஏப்ரல் 8

ஐயா,

உங்க ஊருக்கு வந்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை.

உங்களைப் பாக்க வரலை. கோட்டுக்கு உள்துணியும் பொத்தானும் வாங்க வந்தேன். இங்க கிடைக்கற பொத்தான் எல்லாம் பிளாஸ்டிக். வாங்கி முடிச்சப்போ பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு. கால் தானா உங்க பூங்காப் பக்கம் போச்சு.

நீங்க நடந்துக்கிட்டிருந்தீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் வேலியில நின்னு, சின்ன நோட்டுல ஒரு கோடு போட்டீங்க. அந்தப் பழுப்புக் கால்சட்டையைக் கையால மேல இழுத்து விட்டுக்கிட்டீங்க. எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. ரெண்டு ஊசி குத்தினா நிக்கும். கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். நீங்க இந்தப் பக்கம் திரும்பினீங்க.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நின்னுக்கிட்டிருந்த ஒரு வேன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். வேன்காரர், "என்னம்மா, யாராவது துரத்தறாங்களா?"ன்னு கேட்டார். "இல்லப்பா, கட்டிக்கப் போறவர்"னேன். அவர் சிரிக்கலை. பாவமா பாத்தார்.

பஸ்ல அஞ்சு மணி நேரமும் அதையேதான் நினைச்சேன். நான் எதுக்கு ஒளியணும்? நான் யார் வீட்டுப் பொருளைத் திருடினேன்?

மயக்கம் போட்டு விழுந்ததை எனக்கு முன்னாடி தானியக் கடைக்காரர் பாத்திருக்கார். மூட்டை தூக்கறவங்க பாத்திருக்காங்க. டாக்டர் பாத்திருக்காங்க. நான் மட்டும் பாக்கக் கூடாது. உங்க எடையை ஊருக்கே காட்டறீங்க, கட்டிக்கப் போறவகிட்ட மறைக்கறீங்க.

துணி மேசை மேல விரிச்சபடியே இருக்கு. இன்னும் வெட்டலை. வெட்டின துணி ஒட்டாது. நான் யாருக்குத் தைக்கறது? தாள்ல இருக்கற முப்பத்தாறுக்கா? அந்த ஆளை எனக்குத் தெரியாது. பதிவு அலுவலக வாசலுக்கு அவர் வந்தா, நான் யாரோன்னு விலகி நிப்பேன். நான் சரின்னு எழுதினது கால்சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நடந்தவருக்கு.

அவர் வர்றாரா இல்லையான்னு தெரியற வரைக்கும் கத்திரியைத் தொட மாட்டேன். நான் கோட்டைப் பத்தி மட்டும் சொல்லலை.

தையல் கடை


ஏப்ரல் 14
காலை பத்து மணி, உங்கள் கடைக்கு எதிரில் உள்ள தேநீர்க் கடை

என் தையல்காரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. கையில் கொண்டுவந்து கொடுப்பேன். கொடுத்துவிட்டு நிற்பேன். படித்து முடிக்கும்வரை எதையும் கேட்காதீர்கள், எனக்கு வாய் வராது.

முதல் பேருந்தில் வந்தேன். இங்கே உட்கார்ந்து முக்கால் மணி நேரமாகிறது. கண்ணாடிக்கு அப்பால் நீங்கள் தெரிகிறீர்கள். கழுத்தில் நாடா. மேசையில் கருநீலத் துணி. நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களே தவிரத் தொடுவதில்லை. தேநீர்க் கடை அம்மாள், "மூணாவது டீ குடிக்கறீங்க, யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றார். "தைரியத்துக்காக" என்றேன். "அது இங்க விக்கறதில்லைங்க" என்றார்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு இருபத்தொன்பது வயதிருக்கும்போது அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் கேட்டுவிடலாம் என்று எண்ணியிருந்தேன். சட்டை கூடப் புதிது. மாடிப்படியில் ஏறும்போது மேலே அவள் தோழியிடம் சொல்வது கேட்டது: "அவரா? அவர் ஏறி நின்னா தராசுக்கே மூச்சு வாங்கும்டீ." இருவரும் சிரித்தார்கள். நான் சத்தம் காட்டாமல் படி இறங்கிவிட்டேன். அவள் கெட்டவள் அல்ல, மறுநாளே மறந்திருப்பாள். நான்தான் முப்பத்தெட்டு வருடமாக அந்தப் படியிலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

புதுச்சேதி ஒன்று சொல்லட்டுமா? தானியக் கடையில் அத்தனை பேர் முன்னால் விழுந்தேன். கேலி செய்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், கை குலுக்கினார்கள். வெட்கத்தால் செத்துவிடவில்லை. அதை உங்களுக்கு வேடிக்கையாக எழுதியபோதுகூட அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. உங்கள் கடிதத்தில் வேன் பின்னால் நீங்கள் ஒளிந்த வரிக்கு வந்தபோதுதான் விளங்கியது. ஒளிந்துகொள்ளும் என் பயத்தை உங்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இன்று காலை எடை எண்பத்தெட்டு கிலோ நூறு கிராம். ஜூனில் எண்பத்து மூன்று ஆகலாம். எண்பத்து நான்கில் நின்றாலும் டாக்டர் அம்மா கைதட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தராசுக்கும் கொஞ்சம் பிழையைச் சட்டமே அனுமதிக்கிறது. ஊரார் தராசுக்கெல்லாம் அதைக் கொடுத்தேன். எனக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிறேன். நடையை நிறுத்தமாட்டேன். மாடிப்படியில் உங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பது நல்ல இலக்காகத்தான் படுகிறது. தங்கையின் கண் தேறும்வரை சனிக்கிழமைதோறும் வருகிறேன், அனுமதி இருந்தால்.

பழுப்புக் கால்சட்டையைத்தான் போட்டு வந்திருக்கிறேன். ஊசி குத்த வேண்டும்.

இனி அறிக்கையின் முடிவு. மார்ச் ஒன்றாம் தேதி நான் எழுதிய நான்கில் முதலாவது சரி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எண்கள் தப்பு, திருத்தியாகிவிட்டது. நான்காவது திருத்தக்கூடியதே அல்ல. முழுக்க முழுக்க என் தவறு. அடித்துவிடுங்கள்.

நாடாவை எடுங்கள். மூச்சை இழுக்கமாட்டேன்.

உங்கள்
மாப்பிள்ளை