மூன்றாம் மேசையில் அந்தச் சனிக்கிழமை

டூசான், அரிசோனா
6 பிப்ரவரி 1994

அன்புள்ள வெண்டல்,

நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அட்டைக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டாதே. முழங்கால் வலி பரவாயில்லை. மகள் க்ளாடீன் போடும் உப்பில்லாச் சாப்பாட்டில் ஆள்தான் பாதியாகிவிட்டேன். இங்கே பிப்ரவரியில் வெறும் சட்டையோடு வாசலில் உட்காரலாம். கிளீவ்லாண்டில் நீ பனி அள்ளிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கிழக்குப் பக்கத்துப் பழைய பில்லியர்ட்ஸ் கூடங்களைப் பற்றி யாரோ ஒரு பெண் புத்தகம் போடுகிறாளாம். நம் பெல்மோர் கூடத்தில் நான் சாம்பியன் ஆன கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என்னைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறாள் வெண்டல்!

அன்றிலிருந்து தூக்கமில்லை. சலவைக்கடைக்குப் பக்கத்தில் அந்த மரப்படி, ஏற ஏறச் சட்டைக்குள் புகும் நீராவி, மேலே போனதும் புகையும் கோல் நுனிக்குத் தேய்க்கும் சாக்பீஸ் தூளும். உயரமான நாற்காலியில் முதலாளி ஓடம். “டேய், சிகரெட்ட மேசை விளிம்புல வைக்காத, உங்க அப்பன் வீட்டு மேசையா அது?” தபால்காரர் க்ளீட்டஸை நினைவிருக்கிறதா? பையை நான்காம் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தால், அவர் தெருவுக்குக் காலைத் தபால் சாயங்காலம்தான் போகும். ஒருவரும் புகார் செய்ததில்லை. அந்தத் தெரு ஆட்களில் பாதிப்பேர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மார்ச் சனிக்கிழமையைப் பற்றி நீயும் நாலு வரி எழுதி அனுப்பு. ஓடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. எனக்கு எதிரே ஆடிய உபதேசியார் அழுகுணி ஆட்டம் ஆடினான், நான் பந்தைத் தொட்டுவிட்டதாகப் பொய்யாகக் கத்தினான், கத்தியும் நான்தான் ஜெயித்தேன் என்று ஒரு சாட்சி இருந்தால் நன்றாயிருக்கும்.

உன்
ரூஃபஸ் டில்மன்


கிளீவ்லாண்ட்
20 பிப்ரவரி 1994

அன்புள்ள ரூஃபஸ்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். க்ளீட்டஸின் தபால்பை கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி லொரெட்டா போனபிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெல்மோர் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சலவைக்கடைச் சுவர் மட்டும் நிற்கிறது. அதில் நம் மாடிப்படி ஏறிப்போன தடம் இன்னும் சாய்வாகத் தெரிகிறது.

உபதேசியாரைப் பற்றி நான் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. போன செப்டம்பரில் என் மைத்துனியைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து அறையில் கறுப்புக் கோட்டும் டையுமாக ஒருவர் சக்கரநாற்காலியில் இருந்தார். நம் உபதேசியார் ஏமஸ் பெட்டிஃபோர்டேதான். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. கண்ணும் நாக்கும் மட்டும் அப்படியே இருக்கின்றன. “வாடா பஸ்காரா, வண்டிய எந்த ஸ்டாப்புல மறந்துட்டு வந்த?” என்றார். அன்றிலிருந்து வியாழன்தோறும் போகிறேன். எல்லாம் பேசுவோம். அந்தச் சனிக்கிழமையை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை.

அதற்குப் பிறகு அவர் பெல்மோர் படி ஏறவேயில்லை ரூஃபஸ். நாம்தான் ஏற விடவில்லை. எங்கே பார்த்தாலும் “உபதேசியாரே, பொய் சொல்லலாமா?” என்று கூட்டமாகச் சிரித்தோம்.

நீ கேட்ட நாலு வரியை என்னால் எழுத முடியாது. பந்தில் கோல் நுனியைத் தவிர ஒரு நகம் பட்டால்கூட மரியாதையாக வந்து உட்கார்ந்துவிட வேண்டும், மீதி ஆட்டம் எதிராளிக்கு என்று ஓடம் சொல்லிச் சொல்லி வளர்த்த கூட்டம் நாம். அன்றைக்கு உனக்கு நூற்றைம்பதுக்கு இன்னும் மூன்று புள்ளி பாக்கி. நீ குனிந்தாய். பந்தில் உன் சட்டை பட்டது. உபதேசியார் எழுந்து, பட்டுவிட்டது என்று சொன்னார். ஓடம் என் பக்கம் திரும்பி, “நீ பாத்தியாடா?” என்று கேட்டார். “இல்லை, எதுவும் படலை” என்றேன்.

பட்டது. நான் பார்த்தேன்.

உன்
வெண்டல்


டூசான்
1 மார்ச் 1994

வெண்டல்,

இருபத்தெட்டு வருஷம் டயர் தொழிற்சாலையில் நின்றேன். விலகும்போது கொடுத்த அட்டையில் என் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு மத்தியானம், பக்கத்துச் சவரக்கடைக்காரன் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்து நின்று பார்க்க, எழுபது பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதையும் கொடு என்கிறாய்.

பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முப்பத்துமூன்று வருஷம் கழித்து உன் மனசாட்சியைத் துடைக்க என் சட்டைதான் கிடைத்ததா?

இனி எழுத வேண்டாம்.

ரூ. டில்மன்


கிளீவ்லாண்ட்
27 மார்ச் 1994

அன்புள்ள ரூஃபஸ்,

வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். கோபம் வந்தால் படிக்காமல் வைத்துவிடு.

புத்தகம் போடும் அந்தப் பெண் எனக்கும் தொலைபேசியில் பேசினாள். “அது அவன் ஆட்டம்மா, அவனே சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டேன். ஏமஸிடமும் நான் வாய் திறக்கவில்லை. என் பொய்யை நான் ஒப்புக்கொண்டால் அதோடு சேர்த்து உன்னையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஒரு தரம் உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசியது போதும்.

அவருக்கு இந்த மாதம் மறுபடி ஒரு தரம் வாதம் வந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. நீ தோற்றாய் என்று யாரிடமும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை ரூஃபஸ். அவர் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் அவர் காதில் சொல்ல வேண்டாமா?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

வெண்டல்


டூசான்
25 ஏப்ரல் 1994

வெண்டல்,

அந்தப் பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தேன். மாடிப்படி, ஓடம், க்ளீட்டஸ் என்று நாலு பக்கம் ஓடியது. மூன்றாம் மேசை வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று வாரம் அதே இடத்தில் நின்றது. க்ளாடீன் எட்டிப் பார்த்து, “என்னப்பா, ஜெயிச்ச கதைதான, எத்தன தரம் சொல்லியிருக்க, எழுத மாட்டியா?” என்றாள். அவள்மேல் கத்திவிட்டேன். பிறகு சமையலறைக்குப் போய் அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

உனக்கும் சொல்கிறேன். இடது கைச் சட்டையின் மணிக்கட்டுப் பித்தான். ஆரஞ்சுப் பந்தில் பட்டது. பல்லில் நகம் பட்டாற்போல ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்டது. நீ ‘இல்லை’ என்றதும் நான் உன்னைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடம் என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டார். “என்கிட்ட யாரும் கேக்கலையே” என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டேன். என்னிடம் ஒருவர் கேட்டார் வெண்டல். உபதேசியார். நான் மூன்று பந்தையும் போட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாக, “தம்பி, படலியா?” என்றார். நான் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. நீயே படி. அந்தப் பெண்ணுக்கும் இப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது.

ரூஃபஸ்


கிளீவ்லாண்ட்
6 மே 1994

அன்புள்ள ரூஃபஸ்,

நேற்று வியாழன். காலைச் சாப்பாடு முடிந்து அவரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். உன் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். முடித்ததும் கேட்டார்:

“பித்தானா?”

“ஆமா. இடது கை.”

“எனக்குத் தெரியாது. நான் அவன் டைதான் பட்டுச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. “பாத்துட்டுத்தான சொன்னீங்க?”

“எங்கடா பாத்தேன்? அவன் முதுகு முழுசா மறைச்சிடுச்சு. நான் உன் மூஞ்சியப் பாத்தேன்.” பேச்சு வர நேரமாயிற்று. நான் காத்திருந்தேன். “அவன் குனிஞ்சான். நீ சட்டுனு பல்லக் கடிச்ச. உன் கை சுட்டுக்கிட்ட மாதிரி. அதப் பாத்துதான் எந்திரிச்சேன்.”

ரூஃபஸ், அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஓடம் என்னைக் கேட்டபோது, என் முகத்தில் பார்த்ததை என் வாய் சொல்லும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். தோற்றதற்காக அவர் பெல்மோரை விட்டுப் போகவில்லை. எட்டு மாதம் வியாழன்தோறும் நான் கொண்டுபோன பீச் பழ ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, என்றைக்காவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏன் நீங்களே கேக்கல?” என்றேன்.

“கேட்டு வாங்கறதுல என்ன இருக்கு?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் நல்ல கையால் என் தொப்பியை எடுத்து என் மடியில் வைத்தார். தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு, “ஆட்டம் எவ்வளவுல நின்னுச்சு?” என்று கேட்டார்.

“அவனுக்கு நூத்தி நாப்பத்தேழு. உங்களுக்கு நூத்தி நாப்பத்தொண்ணு.”

“அப்ப எனக்கு இன்னும் ஒம்போது.” விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டார். “கீழ பொதுக்கூடத்துல ஒரு மேசை கெடக்கு. துணி கிழிஞ்சது. பரவால்ல.”

“ஒத்தக் கையால எப்படி ஆடுவீங்க?”

“அது என் கவல. தப்புப் பண்ணவன் எங்க இருக்கணும்? அவன வந்து உக்காரச் சொல்லு.” பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்க.”

பொதுக்கூடம் பத்து மணிக்குத் திறக்கிறார்கள். எந்த வியாழன் என்று மட்டும் எழுது.

உன்
வெண்டல் க்ரம்லி