வெங்காயம் மட்டும் வைத்த பணிஸ்

அண்ணை,

நேற்று உதைபந்து பார்க்கப் போனேன். குளிர்கால இடைவேளைக்கு முந்திய கடைசி ஆட்டம். மைதான வாசலில் சொசேஜ் வண்டிக்காரன் பொரித்த வெங்காயப் பெட்டியைத் திறந்த நேரம் அந்த மணம் வந்து முகத்தில் அடித்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு இளைஞர்கள் கோல் காக்கப் புதிதாக எடுத்த கோலியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மலிவாகக் கிடைத்தான் என்பதற்காக முழங்கால் மடங்காதவனை எல்லாம் கொண்டுவந்து நிறுத்துவதா என்று ஒருவன் கேட்டான். பாதிப் பருவத்தை வைத்து ஆளை எடைபோடாதே என்றான் மற்றவன்.

உங்களிடம் சொல்லிச் சிரிக்கத் திரும்பினேன். நீங்கள் இல்லை. கோடையிலேயே போய்விட்டீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

டென்மார்க்கின் இந்த ஸ்கீவ ஊரில் நம்மை அகதிகளாகக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் தமிழர் என்று சொல்ல ஒரு கைப்பிடிப் பேர்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுக்கச் செத்த வீடு மாதிரிக் கிடக்கும். கடை இல்லை, சனம் இல்லை, தெருவில் ஒரு நாய்கூடத் தனியாகத் திரியாது. சத்தம் கேட்கிற ஒரே இடம் பந்து மைதானம். "வாரும் தம்பி, மனிசர் கத்துறதையாவது கேட்டிட்டு வருவம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். உங்களுக்குப் பந்தாட்டம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் பயிற்சியாளருக்கே பாடம் எடுக்கத் தொடங்கினோம்.

முதல் நாளே வண்டிக்காரனிடம் போய்ப் பணிஸ் ரொட்டியைக் காட்டினீர்கள், கடுகைக் காட்டினீர்கள், வெங்காயத்தைக் காட்டினீர்கள். அவன் சிவப்புச் சொசேஜை இடுக்கியால் தூக்கியபோது கையை ஆட்டி, தெரிந்த டேனிஷில், "இப்ப வேண்டாம்" என்றீர்கள். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. நீங்கள் கடற்கரை ஊர்க்காரர். நண்டின் காலை உறிஞ்சுகிற சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்கும் என்று உங்களைப் பற்றி நீங்களே சொன்னவர். வேலையும் மீன் ஃபக்டரியில். நாள் முழுக்க மீனைத் தொட்டுவிட்டு வந்து அறையில் பருப்பும் சோறும் சாப்பிடுகிற ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை.

"பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டன் தம்பி. மனுசியும் பெடியனும் வந்து சேருமட்டும் மச்சம் வாயில வைக்கிறேல்லை" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். "கனநாள் இராது. மாரிக்குள்ள வந்திடுவினம். வந்த அண்டைக்கு இந்த வண்டியில இருக்கிற முழுச் சொசேஜும் எனக்குத்தான்."

மகனுக்கு அப்போது பதினைந்து நடந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் வளர்ந்தால் பெற்றவர்களுக்குச் சந்தோசம். உங்களுக்கு அது பயம். அங்கே ஊரில் அந்த வயதுப் பெடியன் வீதியில் சைக்கிளில் போனால் ஒரு பக்கம் ஆமிக்காரன் மறிப்பான், மறுபக்கம் இயக்கக்காரர் கூப்பிடுவார்கள். கடிதத்தில் புதுப் படம் வரும்போதெல்லாம் நீங்கள் முதலில் பார்த்தது அவனுடைய முகத்தை அல்ல, உயரத்தை. "பாரும், தாயின்ர தோளுக்கு மேல போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கவிழ்த்து வைப்பீர்கள்.

அந்த வருடம் நமது ஊர்க் கழகத்திடம் காசில்லை. மூன்று பேரை மலிவாகப் பிடித்துப் போட்டிருந்தார்கள்: வயது போன கோலி ஒருவன், கொப்பன்ஹேகனில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு பின்வரிசைக்காரன், மூன்றாவது போலந்துக்காரன். அந்தக் காலத்தில் பருவம் பங்குனியில் தொடங்கி இலை உதிரும்வரை ஓடும். பாதிப் பருவம் முடிந்து ஆடியில் இடைவேளை விட்டபோது, பட்டியலில் நமக்குக் கீழே ஒரே ஒரு அணிதான் இருந்தது. போலந்துக்காரன் முன்வரிசையில் நிற்பான், பந்து வரும், போகும், அவன் நிற்பான். பதியம் வைத்த மரம் என்று நான் சொன்னேன்.

நம்மோடு பக்கத்தில் நிற்கிற ஸ்வென், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தெர்மோஸில் கோப்பி கொண்டுவந்து நமக்கும் ஊற்றித் தருகிறவர், அவருக்குப் போலந்துக்காரனைக் கண்ணிலும் காட்டக் கூடாது. "கழிவு விலைச் சாமான்" என்பார். அந்த வரிசை முழுக்க அவர் பக்கம். நீங்கள் ஒருவர் மட்டும் மறுபக்கம். உங்கள் டேனிஷில் வினைச்சொற்கள் எல்லாம் அம்மணமாகத்தான் வரும். ஆனால் விடமாட்டீர்கள். "கோனே கொம்மர், ஹான் லோபர்" என்றீர்கள். மனுசி வருவாள், அவன் ஓடுவான். அவனுடைய மனைவியும் பிள்ளையும் போலந்தில் அகப்பட்டு நிற்கிறார்கள் என்று பேப்பரில் எழுத்துக்கூட்டி வாசித்திருந்தீர்கள். தனியாக இருக்கிறவனுடைய கால் எப்படி ஓடும் என்று கேட்டீர்கள். வரிசை சிரித்தது. பிறகு அவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் அவர்களே "கோனே கொம்மர்!" என்று பாட்டாகக் கத்தத் தொடங்கினார்கள். உங்களுக்கு அதில் ஒரு பெருமை.

"ஏன் அண்ணை அந்த மரத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டுறியள்?" என்று கேட்டேன்.

"என்னையும் இஞ்ச மலிவாத்தானே எடுத்தவங்கள்? எனக்கும் பாதிப் பருவம் போச்சு. ஒண்டும் ஆடேல்லை" என்றீர்கள்.

ஸ்வென் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்களிடம் மகனைப் பற்றிக் கேட்பார். குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நீங்கள் சொன்னதும் தோளைத் தட்டுவார். "இது டென்மார்க். சுணங்கும், நாள் எடுக்கும், ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பொறுமையாக இரு." நீங்கள் அதை நம்பினீர்கள். அறைக்கு வந்து எனக்கும் திரும்பச் சொல்வீர்கள், அது உங்களுடைய சொந்தச் சொல் போல.

இடைவேளை முடிந்து முதல் ஆட்டம். பக்கத்து மேடையில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண்ணும், ஒரு மெலிந்த பையனும் இருந்தார்கள். கழகத் தலைவர் கொப்பன்ஹேகனுக்கு நேரே போய் யாரையோ பிடித்து, கோடைக்குள்ளேயே போலந்துக்காரனின் குடும்பத்தை எடுத்துவிட்டார் என்று ஸ்வென் சொன்னார். அன்றைக்குப் போலந்துக்காரன் ஓடினான் அண்ணை! அவன் ஓடிய ஓட்டத்தில் புல் கிழிந்தது. இரண்டு கோல் போட்டான். வரிசை முழுக்க உங்களைக் கட்டிப்பிடித்தது. யாரோ உங்கள் தலையில் தொப்பி வைத்தார்கள். ஸ்வென் கண் கலங்கி, "நீதான் சரி, நாங்கள் எல்லாம் மடையர்" என்று சொல்லி, சொசேஜ் வைத்த பணிஸ் ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் கையில் திணித்தார். "இன்றைக்காவது சாப்பிடு!"

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் நின்றீர்கள். அதை வாங்கி, நன்றி சொல்லி, ஆட்டம் முடியும்வரை கையிலேயே வைத்திருந்தீர்கள். உங்கள் கண் மைதானத்தில் இல்லை. அந்தப் பையன் தகப்பனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆற்றங்கரைப் பாதையால் திரும்பி வரும்போது ஆறிப்போன பணிஸை என்னிடம் தந்துவிட்டுச் சொன்னீர்கள்:

"எனக்குப் பந்தடிக்கத் தெரியாமப் போச்சு தம்பி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் நீங்கள் மைதானத்துக்கு வரவில்லை. போலந்துக்காரன் அணியைக் கீழே விழாமல் காப்பாற்றினான். வரிசையில் எல்லாரும் உங்களை விசாரித்தார்கள். வேலை என்று சொன்னேன்.

மாரி வந்தது, போனது. யாரும் வரவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் பின்னேரம் ஃபக்டரிக் கந்தோருக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து உங்கள் மனைவி, நம்முடைய அக்கா, தொலைபேசியில். டியூசனுக்கென்று சைக்கிளில் போன பெடியன் வீட்டுக்குத் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் ஒரு ஒழுங்கை முகப்பில் சாத்தி இருந்ததாம். பிடித்தார்களா, போனானா, யாருக்கும் தெரியாது. நீங்கள் திரும்பி வந்து ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மிச்ச மீனையும் வெட்டி முடித்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். உங்களைத் தொடப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கும் மகனுக்குமாக இருவருக்கும் அனுமதி வந்தது.

விமான நிலையத்தில் அக்கா தனியாக வெளியே வந்தாள். தனியாகத்தான் வருவாள் என்று தெரிந்தும் நீங்கள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தீர்கள். கதவு மூடித் திறந்தது. மறுபடி பார்த்தீர்கள். மகனுக்கென்று முன்னமே வாங்கி வைத்திருந்த கழகத்தின் கம்பளிச் சால்வை உங்கள் கையில் இருந்தது. மெல்லிய சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்ற அக்காவின் கழுத்தில் அதைச் சுற்றிவிட்டீர்கள். அவள் அதில் முகத்தைப் புதைத்து அழுதாள். அதைவிட ஒரு தோல்வியை நான் எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் செய்தியில் எல்லாம் வெளிவந்தது. நம்முடைய ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லின்படி வேண்டுமென்றே தொடாமல் போட்டு வைத்திருந்தார்கள் என்று. சுணங்கியது அல்ல. சுணக்கியது. நான் கொதித்தேன். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து ஊர்த் தூசணம் அத்தனையும் சொன்னேன். நீங்கள் எழுந்து போய்த் தேத்தண்ணி வைத்தீர்கள்.

அடுத்த ஞாயிறு நீங்களாகவே "வாரும், பந்துக்குப் போவம்" என்றீர்கள். ஸ்வென் உங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "ஒழுங்காக நடக்கும் என்று நான்தானே உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். நீங்கள் அவருடைய தெர்மோஸை வாங்கி அவருக்கே கோப்பி ஊற்றிக் கொடுத்து, "புதுக் கோலியைப் பற்றிச் சொல்லு. எங்கே பிடித்தார்கள் இவனை?" என்றீர்கள். அவர் சொல்லத் தொடங்கினார். அவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நீங்கள் மறுத்தீர்கள். அன்றைக்கு முழுக்க இருவரும் கோலியையே கதைத்தீர்கள். வேறு எதைக் கதைப்பது?

ஆனால் நீங்கள் மாறித்தான் போயிருந்தீர்கள். முன்பு யாருக்கும் வேண்டாதவனுக்காகச் சண்டை பிடித்த ஆள், பிறகு வந்த ஒவ்வொருவனையும் "இவனும் சரிவராது" என்றீர்கள். பெரும்பாலும் உங்கள் சொல்தான் பலித்தது. அணி இறங்கியது, திரும்ப ஏறியது, திரும்ப இறங்கியது. ஸ்வென் போனார். அவர் நின்ற இடத்தில் அக்கா வந்து நின்றாள், அந்தச் சால்வையோடு. பந்து எந்தப் பக்கம் போகிறது என்றுகூட அவள் பார்க்கமாட்டாள். வெளியூர் அணியோடு வருகிற சனத்தின் முகங்களைப் பார்ப்பாள்.

உங்கள் வீட்டில் எனக்கு மீன்குழம்பு கிடைக்கும். உங்களுக்குப் பருப்பு. "பாதி நேர்த்தி நிறைவேறியிட்டுதே அண்ணை, ஒரு மீன் தலையாவது வையுங்கோ" என்று பகிடி விட்டேன். "பிள்ளையாரோட பேரம் பேசக் கூடாது. ரெண்டு பேருக்கும் சேத்து வைச்ச நேர்த்தி" என்றீர்கள். பிறகு நான் அந்தப் பகிடியை விடவில்லை. மைதானத்தில் வண்டிக்காரர்கள் மாறிக்கொண்டே போனார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் நீங்கள் அதையே சொன்னீர்கள்: இப்ப வேண்டாம்.

உங்கள் எட்டுச் செலவுக்கு, எட்டாம் நாள் படையலுக்கு, வைலேயிலிருந்தும் ஒடென்சேயிலிருந்தும் சனம் வந்தது. செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அல்லவா, பெண்கள் குசினியில் விளைமீன் குழம்பு, நண்டு, இறால் பொரியல் என்று அடுக்கிவிட்டார்கள். இனியாவது மனிசன் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வாழையிலையில் சோறு போட்டு மீன் சட்டியைத் தூக்கியபோது, அதுவரை ஒரு மூலையில் இருந்த அக்கா எழுந்து வந்து கரண்டியைப் பிடித்தாள்.

"மீன் வையாதேங்கோ. பிள்ளை இன்னும் வந்து சேரேல்லை."

அவளே இலையில் பருப்பை ஊற்றினாள்.

நேற்று என்னுடைய முறை வந்தது. வண்டிக்காரன் சின்னப் பெடியன், இந்த வருடம்தான் வந்தவன். பணிஸ், கடுகு, வெங்காயம் என்றேன். சொசேஜை மறந்துபோனீர்களே என்று சிரித்தான். உங்கள் மகன் எங்கேயாவது இருக்கிறான் என்று நான் நம்பவில்லை அண்ணை. ஒரு நாளும் நம்பியதில்லை, உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நேர்த்தி வைத்தவரும் போய்விட்டார். இனி யாருக்காக அது? ஆனாலும் அவன் இடுக்கியைத் தூக்கியபடி காத்து நின்றபோது என் வாயில் வந்தது உங்களுடைய சொல்தான்.

"இப்ப வேண்டாம்" என்றேன்.