பச்சைப் புடவைக்குச் சொல்லாமல் விட்ட ஏழு வார்த்தை

அன்புள்ள தம்பிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று காலை உன் பச்சைப் புடவையை நான் கட்டிப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது, துறைமுக ஆபீசில் குமாஸ்தா, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. வெயிலில் காயவைக்க மனைவி பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை நெடியோடு உன் முகப்பவுடர் வாசனையும் எழுந்தது. அவள் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்துச் சுற்றிக்கொண்டேன். நாலாவது கொசுவத்தில் கால் சிக்கி அரிசிப் பானைமேல் விழுந்தேன்.

ஓடிவந்தவள் சிரிக்கவில்லை. "இதைக் கட்டிக்கிட்டு அந்தப் பிள்ளை மாடிப்படி இறங்குமே, தண்ணி வழியிற மாதிரி! நீங்கதான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

சொன்னதில்லைதான்.

நம் நாடக சபையில் எட்டு வருஷம் நீ கதாநாயகி. நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். ராஜபார்ட் திக்கினால் அடுத்த நொடி என் வார்த்தை அவர் காதில் இருக்கும். உனக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியதே வந்ததில்லை. புடவையில் நீ எதையும் மறக்கமாட்டாய். வேட்டியில்தான் தடுமாறுவாய், தரையைப் பார்த்துப் பேசுவாய். எது உனக்கு வேஷம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதை வைத்தே ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்.

ஆறு பேர் தங்கும் அறையில் வைக்க முடியாமல் புடவையை எங்கள் வீட்டில் வைத்திருந்தாய். நாடகம் ஏதுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அதைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாய். கீழே நானும் சபைக்காரர்கள் நாலு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தோம்.

"மாரியம்மன் கோயிலுக்குப் போறேன் அண்ணே. எப்படி இருக்கேன்?"

குரல் நடுங்கியது. எடுத்துக் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். நானோ சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன தம்பி, ஒத்திகை புதன்கிழமைதானே லா? அம்மனுக்கு மட்டும் தனிக் காட்சியா?" என்று இந்த ஊர் 'லா' போட்டுக் கேட்டேன். நாலு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

நீ தலையைக் குனிந்தபடி தெருவில் இறங்கினாய். நானும் பின்னாலேயே வந்தேன். ஆறுதல் சொல்ல அல்ல, மறுநாள் ஆபீசில் அளக்க ஒரு கதை கிடைக்குமே என்று. சூலியா தெரு முனையில் நின்றுவிட்டாய். திரும்பிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அப்போது வளையல் கடை ராவுத்தர் குரல் கொடுத்தார்.

"ஏன் தங்கச்சி வெயில்ல நிக்கிறே? உள்ள வந்து உட்காரு. பச்சைக்குப் பச்சையே போடலாம். இந்தக் கைக்கு எது போட்டாலும் எடுப்பா இருக்கும்மா."

உன் விரல்களைக் குவித்து, வலிக்காமல் ஒவ்வொன்றாக ஏற்றினார். முடிந்ததும், எல்லாப் பெண்களுக்கும் போடுவதுபோல ஒன்று கூடுதலாக. நீ எழுந்தபோது தலை நிமிர்ந்திருந்தது. கோயில் வரை அப்படியே நடந்தாய், கை வீசி, வளையல் குலுங்க. விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றவன் நான்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனாய். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பாய் சொன்னதை வெச்சு ஒரு வருஷம் ஓட்டிட்டேன் அண்ணே. நீங்க சொல்லியிருந்தா ஆயுசுக்கும் போதும்." சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல், அக்கரை ஆஸ்பத்திரி. உன்னைப் பார்க்கப் படகில் வரும்போது ஏழு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்: "பச்சைப் புடவை உனக்கு ரொம்ப லட்சணமா இருக்கு, தங்கச்சி." நான் வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துப் போய், கட்டிலைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் யார் புதுச் சட்டை போட்டு வந்தாலும் முந்திக்கொண்டு புகழ்கிறேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். அந்த ஏழு வார்த்தை மட்டும் இன்னும் வாயிலேயே கிடக்கிறது. முக்கியமாக அந்தக் கடைசி வார்த்தை. இனி உன்னை அப்படித்தான் கூப்பிடுவது என்று முடிவு செய்துதான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

முடித்ததும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அவள் விரல் வைத்த இடத்தை நானும் பார்த்தேன். 'தம்பிக்கு' என்று ஆரம்பித்திருக்கிறேன்.